ஓட்டுநரின் காது: கையில்லாப் பேச்சு குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

'ஹேண்ட்ஸ் ஃப்ரீ' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? கருவி விற்கிறவர்கள் அப்படியே தமிழ் எழுத்தில் அடித்துவிடுகிறார்கள். 'கை விடுதலை' என்று போட்டால் ஏதோ இயக்கத்தின் முழக்கம் போல ஒலிக்கிறது. ஒலிக்கட்டுமே, விடுதலை என்று ஒருவர் சொன்னால் யாருக்கு, எதிலிருந்து, எதற்காக என்று கேட்பது நம் பழக்கம்தானே. காரின் முன்கண்ணாடியில் ஒட்டிய ஒரு சின்னப் பெட்டி வழியும் சொல்லுகிறது, நம் கைபேசியைக் கம்பியில்லாமல் தன்னோடு இணைத்துக்கொண்டு வரும் அழைப்பையும் தன் ஒலிபெருக்கியில் பேசவிடுகிறது. ஓட்டுகிறவரின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருக்கும். விளம்பரம் சொல்லும் விடுதலை இதுதான். இங்கிலாந்தின் ஆலை முதலாளிகள் தொழிலாளியைக் 'கை' என்றே குறிப்பிட்டார்கள். நம்மிடமும் 'கையாள்' உண்டு. கை என்பது வேலை செய்யும் உறுப்பு மட்டுமல்ல, வேலைக்கு வைத்துக்கொள்ளப்பட்ட மனிதனும்கூட. அந்தக் கையை விடுவித்துவிட்டோம் என்கிறபோது உடம்பின் வேறு எந்தப் பாகம் புதிதாக வேலைக்கு எடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தக் குறிப்பு காதைப் பற்றியது.

இதைப் பொதுவாகப் பேசாமல் ஒரு பாதையை வைத்துப் பேசலாம். நாமக்கல் மாவட்டத்தில் (1997 வரை சேலம் மாவட்டம்) காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே 14 நாடுகள்: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேளூர் நாடு, அரியூர் நாடு என்று போகும் அந்த வரிசையில் ஆலத்தூர் நாடும் ஒன்று. கீழிருந்து சுற்றுலா வேன் ஏறுகிறது. மேலிருந்து அன்னாசி, மிளகு, பலா, எல்லாவற்றுக்கும் மேலாக மரவள்ளிக் கிழங்கு இறங்குகிறது. சாமையும் கேழ்வரகும் விளைந்த காடுகளில் பாதிக்குமேல் மரவள்ளி ஏறிய கதை தனியே எழுத வேண்டியது. இங்கே நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: கிழங்கு பிடுங்கினால் நாள் கடத்த முடியாது, மாவுச்சத்து இறங்கிவிடும், சேகோ பாக்டரிக்கு அது சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். எனவே லோடு ஏற்றிய டிரைவருக்கு போன் வந்துகொண்டே இருக்கும்.

நாமக்கல்லைச் சொன்னதும் லாரி ஞாபகம் வராதவர் தமிழ்நாட்டில் கிடையாது. லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள், காஸ் டேங்கர்கள், பக்கத்தில் திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள் என்று இந்தியாவின் எல்லாச் சாலைகளிலும் இந்த ஊர்க்காரர்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே 'ஓட்டிக்கொண்டே பேசுவது' என்கிற பிரச்சினையின் வரலாற்றை ஸ்டாக்ஹோமிலும் கலிபோர்னியாவிலும் மட்டும் தேட வேண்டியதில்லை. அது இங்கேயும் நடந்திருக்கிறது, வேறு வடிவத்தில்.

அந்த வடிவத்தின் பெயர் கிளீனர். வண்டியில் இரண்டாவது ஆள். துடைப்பது, டயர் தட்டிப் பார்ப்பது, கயிறு இழுத்துக் கட்டுவது எல்லாம் அவன் வேலை என்றாலும், ஓடும்போது அவன் ஓட்டுநரின் இடது காதும் இடது கண்ணும். எதிரே வரும் வண்டியை முதலில் பார்ப்பவன். தெரியாத ஊரில் இறங்கிப் போய் வழி கேட்பவன். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று 'வரலாம் வரலாம்' என்பவன், சட்டென்று 'ஹோல்டான்' போடுபவன். பேச்சு தேவையில்லாத இடத்தில் பாடியின் மேல் உள்ளங்கையால் தட்டுகிறான். இரண்டு தட்டு என்றால் போகலாம், ஒரு தட்டு என்றால் நிறுத்து. பஸ்ஸில் இதே வேலையைக் கண்டக்டரின் விசில் செய்கிறது. இது ஒரு முழு மொழி. இதற்கு எழுதப்பட்ட இலக்கணம் கிடையாது, ஆனால் ஒருத்தரும் தப்பாகப் புரிந்துகொள்வதில்லை. சாதியும் கூலியும் வயசும் கலந்து கிளீனரைக் கசக்கிப் பிழிந்த முறையை மறைத்துவிட்டு இதை ஒரு பொற்காலமாக்க நான் வரவில்லை. ஆனால் வழிகாட்டும் பெட்டியும் கையில்லாப் பேச்சும் சேர்ந்து பிடித்த இடம் யாருடைய இடம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நேஷனல் பர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருந்தாக வேண்டும் என்ற விதியை மத்திய அரசு 2018ல் எடுத்துவிட்டது. சாலை நன்றாகிவிட்டது, கருவிகள் வந்துவிட்டன, செலவு குறையும் என்கிற வாதங்கள். எல்லாம் சரி, இரவு இரண்டு மணிக்கு டிரைவர் கண் சொருகும்போது தொடையில் தட்டுவது யார்?

முதலாளியின் குரல் வண்டிக்குள் வந்தது எப்போது? எண்பதுகள் வரை வண்டி கிளம்பினால் கிளம்பியதுதான். தந்தி, டிரங்க் கால், புக்கிங் ஆபீஸில் விட்டுப்போகும் சேதி. எண்பதுகளின் கடைசியில் மஞ்சள் எழுத்து எஸ்.டி.டி. பூத்துகள் நெடுஞ்சாலை ஓரமெங்கும் முளைத்தபோதும், பேசுவது என்றால் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி இறங்க வேண்டும். அழைப்பைத் தொடங்குபவர் அவர்தான். 'சேலம் தாண்டிட்டேனுங்க, விடியறதுக்குள்ள போயிருவேன்' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கிறார். அந்த டீக்கு இடம் இருந்தது. 1995 ஜூலை 31ல் கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு தில்லியில் இருந்த சுக்ராமைக் கைபேசியில் அழைத்தார். இந்தியாவில் செல்போன் சேவை அதோடு தொடங்கியது என்பார்கள். ஆனால் டிரைவரைப் பொறுத்தவரை அந்தத் தேதிக்கு அர்த்தமில்லை. அப்போது உள்ளே வரும் அழைப்புக்கும் காசு. அழைப்பவரே செலவை ஏற்கும் முறை 2003 மே மாதம்தான் வந்தது. உள்வரும் அழைப்பு இலவசமான அன்றுதான் 'எந்நேரமும் கூப்பிடத்தக்க' தொழிலாளி உருவானான். தொழில்நுட்ப வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் தேதியை எழுதுகிறார்கள், கட்டண விதிகளின் தேதியை விட்டுவிடுகிறார்கள். உறவுகளை மாற்றுவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இனி பெட்டிக்கு வருவோம். காரில் தொலைபேசி என்பது புதிதல்ல. 1946லேயே அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பெல் நிறுவனம் அதைத் தொடங்கிவிட்டது. அது பணக்காரர்களின் சமாச்சாரம், விட்டுவிடலாம். கம்பியில்லாமல் கைபேசியைப் பக்கத்துக் கருவியோடு இணைக்கும் வேலையை ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் யாப் ஹார்ட்சன் 1994ல் தொடங்கினார். 1998ல் எரிக்சன், இன்டெல், நோக்கியா, ஐ.பி.எம்., தோஷிபா சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்தன. 'புளூடூத்' என்ற பெயரை 1997ல் சொன்னவர் இன்டெல்லின் ஜிம் கார்டாக். பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் ஹரால்டின் பட்டப்பெயர் அது; சிதறிக் கிடந்த குழுக்களை ஒன்றாக்கியவன் என்பதால் கருவிகளை இணைக்கும் நுட்பத்துக்குப் பொருத்தம் என்றார்கள். அரசர்கள் 'ஒன்றாக்குவது' எப்படி என்று நமக்குத் தெரியும். ஓரியின் கொல்லியைச் சேரர்கள் 'இணைத்த' கதையைச் சங்கப் பாட்டுகளில் படித்தவர்கள்தானே நாம்.

இந்த இடத்தில் ஹெடி லமார் பெயர் எல்லாக் கட்டுரையிலும் வரும். ஹாலிவுட் நடிகை, இசையமைப்பாளர் ஜார்ஜ் அந்தெயிலோடு சேர்ந்து 1942 ஆகஸ்டில் ஒரு காப்புரிமை பெற்றார். கடலில் விடும் டார்ப்பிடோவை வானொலியால் இயக்கும்போது எதிரி குறுக்கிடாதபடி அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருப்பது, இரு முனையும் ஒரே தாளத்தில் மாறுவதற்குத் தானியங்கிப் பியானோவின் துளையிட்ட காகிதச் சுருளைப் பயன்படுத்துவது என்பது அவர்கள் யோசனை. கடற்படை அன்று அதை எடுத்துக்கொள்ளவில்லை. புளூடூத்தும் 79 சன்னல்களுக்கிடையே வினாடிக்கு 1600 முறை தாவுகிறது. ஆனால் 'புளூடூத்தைக் கண்டுபிடித்த அழகி' என்கிற கதை மிகை. தாவல் யோசனைக்குப் பல தகப்பன்மார் உண்டு. அவரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்பது ஒன்று, ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்டி விற்பது வேறொன்று. அழகியாக மட்டும் பார்த்த அதே கண்தான் இப்போது மேதையாக மட்டும் பார்க்கிறது.

2001 வாக்கில் பிரான்சின் பாரட் நிறுவனம் காரில் பொருத்தும் புளூடூத் பேசும் கருவியை விற்றது. 2005-06ல் டாம்டாம், கார்மின் நிறுவனங்களின் வழிகாட்டிப் பெட்டிகளிலேயே கையில்லாப் பேச்சும் ஏறியது. ஒரே ஒலிபெருக்கியிலிருந்து 'வலது பக்கம் திரும்பவும்' என்ற குரலும் மனைவியின் குரலும் முதலாளியின் குரலும் வரத் தொடங்கின. இது சாதாரண விஷயமல்ல. வழி சொல்லும் குரலுக்கு ஓட்டுநர் பதில் சொல்ல வேண்டியதில்லை, கீழ்ப்படிந்தால் போதும். கூப்பிடுகிறவருக்குப் பதில் சொல்ல வேண்டும். கீழ்ப்படிதலும் பதிலிறுத்தலும் ஒரே துளையிலிருந்து வருகின்றன. அழைப்பு வந்தால் பெட்டி வழி சொல்வதைத் தாழ்த்திக்கொள்ளும், அல்லது குறுக்கே புகுந்து சொல்லும். எது முந்தி என்பதைத் தீர்மானித்தவர் எங்கோ உட்கார்ந்த பொறியாளர். அந்தப் பெட்டிகளின் ஆயுள் அதிகமில்லை. 2009 அக்டோபர் 28ல் கூகுள் தன் வழிகாட்டியை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. அன்றே கார்மின், டாம்டாம் பங்குகள் சரிந்தன. இன்று கைபேசியே பெட்டி. ஆனால் அந்த ஏற்பாடு, அதாவது கையை ஸ்டியரிங்கில் கட்டிவைத்துவிட்டுக் காதைத் திறந்துவிடுவது, அப்படியே இருக்கிறது.

இந்தப் பெட்டிக்குள் உண்மையில் மூன்று கம்பியில்லாத் தொடர்புகள் இருக்கின்றன. மூன்றுக்கும் தூரம் வேறு, சொந்தக்காரர் வேறு.

முதலாவது ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருவது. ஜி.பி.எஸ். அமெரிக்க இராணுவத்தின் ஏற்பாடு. முதல் செயற்கைக்கோள் 1978. 1983ல் தென்கொரிய விமானத்தைச் சோவியத் போர்விமானம் சுட்டு 269 பேர் இறந்த பிறகு, இதை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக ரீகன் அறிவித்தார். திறந்தார்கள், ஆனால் மற்றவர்களுக்கு வேண்டுமென்றே மங்கலாக்கித்தான் கொடுத்தார்கள்: நூறு மீட்டர்வரை பிசகலாம். அந்த மங்கலை 2000 மே மாதம்தான் நீக்கினார்கள். கொல்லிமலைப் பாதையில் நூறு மீட்டர் பிசகு என்றால் நீங்கள் 30ஆவது வளைவில் இருக்கிறீர்களா 33ஆவதிலா என்று தெரியாது. அதாவது காரில் வழிகாட்டி என்கிற வியாபாரமே ஒரு இராணுவம் தன் கையைத் தளர்த்தியதால் பிறந்தது. இந்தியா 2013 முதல் தன் சொந்தச் செயற்கைக்கோள்களை ஏவியதற்குக் காரணமும் அந்தக் கை எப்போது வேண்டுமானாலும் இறுகலாம் என்பதுதான்.

இரண்டாவது, சில கிலோமீட்டர் தூரத்துச் செல்போன் கோபுரம். ஏலத்தில் அலைக்கற்றை எடுத்த கம்பெனியின் சொத்து. எங்கே ஆள் நிறைய, காசு நிறைய, அங்கே கோபுரம்.

மூன்றாவது பத்து மீட்டருக்குள் அடங்கும் புளூடூத். இதற்கு மட்டும் யாரிடமும் உரிமம் வேண்டாம். இது நமக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். 1933ஆம் ஆண்டு காலனி அரசு போட்ட கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்படி கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும். ரேடியோப் பெட்டிக்கு வருடா வருடம் தபாலாபீசில் பணம் கட்டிய தலைமுறை இன்னும் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு விலக்களித்த விதிகள் 2005 ஜனவரியில் வந்தன. பத்து மீட்டருக்குள் குடிமக்கள் காற்றில் பேசிக்கொள்ளலாம் என்று சுதந்திரம் வந்து 57 வருடம் கழித்து அனுமதித்திருக்கிறார்கள்! செயற்கைக்கோள் போனை அனுமதியின்றி வைத்திருப்பது இன்றைக்கும் குற்றம். 1933 சட்டத்தின் இடத்தில் 2023ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது.

இப்போது மூன்றையும் ஒரு வேனில் வைத்து மலை ஏற்றிப் பாருங்கள். செயற்கைக்கோள் கிடைக்கும், அதற்குக் கோபுரம் தேவையில்லை. பலரும் இது தெரியாமல் 'சிக்னல் இல்லேன்னா மேப் வராது' என்கிறார்கள். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் வரும். ஆனால் கொண்டை ஊசியில் ஒரு தனிச் சிக்கல். பாதை அடுக்கடுக்காக மடிகிறது. மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. பாறைச் சுவரில் பட்டுத் திரும்பும் அலையால் சில மீட்டர் பிசகினாலும் பெட்டி உங்களைப் பக்கத்து அடுக்கில் வைத்துவிடும். இன்னொன்று, கொண்டை ஊசி 'சந்திப்பு' அல்ல. பெட்டியின் கணக்குப்படி இங்கே தேர்வு எதுவும் இல்லை, ஒரே பாதை, ஆகவே பெரும்பாலும் அது மௌனம். ஓட்டுநரின் முழுத்திறமையும் தேவைப்படுகிற 70 இடங்களில் சொல்வதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. எதிலே குரல் தேவையோ அதிலே அது ஊமை.

அங்கே பேசுவது ஹாரன். 'ஒலி எழுப்பவும்' என்கிற பலகை வெறும் அறிவிப்பல்ல, உரையாடலுக்கான அழைப்பு. கீழிருந்து ஒரு ஹாரன், மேலிருந்து பதில். பதிலின் கனத்திலேயே பஸ்ஸா பைக்கா என்று தெரியும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலேயே இருந்தது. இறங்கும்போது கியரின் முனகல், பிரேக் சூடேறும் வாசனை, டயருக்கடியில் சரளையின் சத்தம் எல்லாம் காதும் மூக்கும் செய்யும் வேலை. அந்தக் காதுக்குள்ளேதான் கையில்லாப் பேச்சு இன்னொருவரைக் குடிவைக்கிறது. கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டால்தான் மறுமுனைக்குப் பேச்சு தெளிவாகக் கேட்கும். ஏற்றினால் மேலே இருந்து வரும் ஹாரன் பாதிதான் கேட்கும்.

இதற்கெல்லாம் ஆராய்ச்சி இல்லாமலில்லை. டொரான்டோவில் ரெடல்மெயரும் டிப்ஷிராணியும் 1997ல் வெளியிட்ட ஆய்வு 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை விபத்து நேரத்தோடு ஒப்பிட்டது: பேசும்போது விபத்துக்கான வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு, கையில்லாக் கருவியால் எந்த நன்மையும் காணவில்லை. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரேயரும் கூட்டாளிகளும் 2000களில் அடுத்தடுத்துச் செய்த சோதனைகள் காரணத்தைக் காட்டின. கண் பார்க்கிறது, மனம் பதிவதில்லை. என்னைப் பொறுத்தவரை இவற்றில் முக்கியமானது 2008ல் ட்ரூஸ், பாசுபதி, ஸ்ட்ரேயர் மூவரும் வெளியிட்டது. மாதிரி வண்டியில் ஓட்டி, குறிப்பிட்ட ஓய்விடத்தில் திரும்பி நிறுத்த வேண்டும். பக்கத்தில் நண்பரோடு பேசிக்கொண்டு ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினார்கள். கையில்லாக் கருவியில் பேசியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தவறவிட்டார்கள். ஏன்? பக்கத்தில் இருப்பவர் சாலையைப் பார்க்கிறார். நெருக்கடி வந்தால் பேச்சை நிறுத்துகிறார், சாலையைப் பற்றியே பேசுகிறார், 'அதோ அங்கே' என்கிறார். தொலைவில் இருப்பவருக்கு வளைவு தெரியாது. 37ஆவது வளைவில் பஸ் எதிரே வரும்போதும் அவர் கேட்பார்: 'ஏப்பா, எத்தன மணிக்கு வண்டி கீழ வரும்?'

எங்கள் நாமக்கல் கிளீனருக்கு யூட்டா பல்கலைக்கழகம் தந்த சான்றிதழ் இது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சட்டம் எங்கே நிற்கிறது? கையில். 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, ஓட்டும்போது 'கையில் பிடிக்கும்' தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. முதல் முறைக்கு 1000 முதல் 5000 ரூபாய்வரை அபராதம் அல்லது சிறை. 2020 அக்டோபரில் வந்த விதி, கவனம் கலையாதபடி வழி பார்ப்பதற்கு மட்டும் கைக்கருவியை அனுமதித்தது. அமெரிக்காவில் 2011ல் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், வணிக வண்டி ஓட்டுநர்களுக்குக் கையில்லாப் பேச்சையும் சேர்த்தே தடை செய்யச் சொன்னது. அரசு அதே ஆண்டில் கையில் பிடிப்பதை மட்டும் தடுத்து விதி போட்டது. போலீஸ்காரரால் கையைப் பார்க்க முடியும், கவனத்தைப் பார்க்க முடியாது என்று இதற்குச் சமாதானம் சொல்கிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி, கவனத்தை எடுத்துக்கொள்வது யார் என்று கேட்டால் அபராதச் சீட்டில் இன்னொரு பெயரையும் எழுத வேண்டி வரும். அழைத்தவர் பெயரை. சட்டம் கேட்பது பெரும்பாலும் எடுத்தவனைத்தான்.

ஆலத்தூர் நாட்டுக்கு வருவோம். பெட்டியிடம் 'ஆலத்தூர்' என்று வாயால் சொல்லிப் பாருங்கள். பெரம்பலூர் மாவட்டத்தில் ஆலத்தூர் வட்டம் இருக்கிறது. திருப்போரூருக்குப் பக்கத்தில் மருந்துக் கம்பெனிகள் நிறைந்த ஆலத்தூர் தொழிற்பேட்டை. பாலக்காட்டில் ஆலத்தூர் நாடாளுமன்றத் தொகுதியே உண்டு. சரி, 'நாடு' சேர்த்துச் சொன்னால்? பெட்டிக்கு நாடு என்றால் இந்தியா, இலங்கை. கூகுளின் வழிகாட்டிக் குரல் தமிழ் பேசத் தொடங்கியதே 2018ல். ஆனால் சிக்கல் உச்சரிப்பில் இல்லை. நாடு என்பது ஓர் இடம் அல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளிலுள்ள நாடுகளை 1973ல் வரைபடமாக்கிய எ. சுப்பராயலுவின் வேலையைப் படித்தவர்களுக்குத் தெரியும்: நாடு முதலில் எல்லைக்கோடு அல்ல, ஊர்களின் தொகுதி. மலையாளிப் பழங்குடியினரின் வாழ்க்கையில் அது இன்றும் அப்படித்தான். நாட்டுக் கூட்டம், நாட்டுப் பெரியவர்கள், நாட்டுத் திருவிழா. காடும் ஓடையும் நடுவில் வர, சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும். பெட்டிக்கோ ஒரு புள்ளி வேண்டும். தொகுதியை எடுத்துப் புள்ளியாக்கி ஊராட்சி அலுவலகத்தின் மேலோ, வெறும் காட்டின் மேலோ ஒரு முள்ளைக் குத்தி 'நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்கிறது. 1802ல் லாம்ப்டன் சென்னையில் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய காரியத்தின் தொடர்ச்சி இது. அளப்பவனுக்கு மலை என்பது கருவி வைப்பதற்கான உச்சி. அதில் வாழ்கிறவனுக்கு அது பக்கத்து ஊருக்குப் போகும் ஒற்றையடித் தடம்.

இதில் கேலிக்கு இடமில்லாத ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரில் தொடங்கியது. அழைப்பு சென்னைக்குப் போகிறது. 'எந்த ஊர், பக்கத்துல என்ன அடையாளம்?' என்று கேட்பார்கள். மலைச் சிற்றூரில் பிரசவ வலி கண்ட பெண்ணின் வீட்டுக்காரர் முதலில் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓட வேண்டும். பிறகு தன் ஊரைச் சென்னைக்குப் புரியும் பெயரில் சொல்ல வேண்டும். ஓட்டுநர் மலைக்காரராக இருந்தால் பிழைத்தோம். அவருக்கு மரம், பாலம், கோயில் என்று சொன்னால் போதும். மலையூர்களிலிருந்து தொட்டில் கட்டித் தூக்கி வரும் செய்திகள் இன்னும் நிற்கவில்லை. கோபுரம் எட்டாத ஊர்கள் நாடெங்கும் எத்தனை என்று மத்திய அரசே 2022 ஜூலையில் கணக்குச் சொன்னது: 24,680 ஊர்களுக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபாய்த் திட்டம். இணைய வகுப்புக்காக நாமக்கல் மாவட்டத்துப் பிள்ளைகள் ஆலமரத்தில் ஏறி உட்கார்ந்த படம் அதற்கு முந்தைய ஆண்டு பத்திரிகைகளில் வந்தது. அப்போது அரசியல்வாதிகள் காட்டிய வியப்புதான் எனக்கு வியப்பாக இருந்தது.

ஆக, நம் பிரச்சினை நேர்க்கோட்டில் இல்லை. கோபுரம் இல்லாதது பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்கு எமன். அதே கோபுரமின்மை, மரவள்ளி லோடோடு இறங்கும் டிரைவருக்குச் சில வளைவுகள்வரை கிடைக்கும் அமைதி. 'சிக்னல் போச்சுங்க மொதலாளி' என்பது உலகிலேயே கேள்வி கேட்க முடியாத விடுப்புக் கடிதம். 'ஆகவே கோபுரம் வேண்டாம்' என்று எழுதுகிற சுற்றுச்சூழல் அழகியலாளர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு மலை என்பது வார இறுதி. அந்த அமைதி சிக்னல் கெட்டதால் கிடைக்க வேண்டிய பிச்சையா, உரிமையா என்பதுதான் கேள்வி. வெளியூர் லாரிகளில் இப்போது பிச்சையும் குறைந்து வருகிறது. பயணிகளை ஏற்றும் வாடகை வண்டிகளுக்கு இருப்பிடம் காட்டும் கருவி 2019 முதல் கட்டாயம். பெண்களின் பாதுகாப்புக்கென்று அவசரப் பொத்தானோடு வந்த விதி அது. அந்த நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கருவிக்கு நோக்கம் தெரியாது. எந்த டீக்கடையில் எத்தனை நிமிடம் நின்றான் என்பதும் அதே திரையில் விழும்.

இயக்கங்களில் இருக்கும் நண்பர்களுக்கு இன்னொரு குறிப்பு. பெட்டியோடு போனை இணைக்கும்போது 'தொடர்புகளைப் பகிரவா?' என்று கேட்கும், நாம் யோசிக்காமல் சரி என்போம். கூப்பிடுகிறவர் பெயர் திரையில் வரவேண்டுமே. நம் முகவரிப் புத்தகமும் அழைப்புப் பட்டியலும் அதன் நினைவில் ஏறுகின்றன. வாடகைக் காரில் உண்மை அறியும் குழுவாகப் போய் வந்தால், யார் யாரோடு பேசினோம் என்பதைக் காரிலேயே விட்டு இறங்குகிறோம். அமெரிக்க வணிக ஆணையமே 2016ல் வாடகைக் கார் பற்றி இப்படி எச்சரித்தது. இறங்கும்முன் கருவியின் பட்டியலிலிருந்து நம் போனை அழிக்க வேண்டும். மின்னேற்றம் மட்டும் வேண்டுமென்றால் காரின் துளையில் செருகாமல் சிகரெட் லைட்டர் துளையில் செருகலாம்.

அழிக்க முடியாததும் உண்டு. மைக். அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. காரில் பொருத்திய அவசர உதவிக் கருவியின் மைக்கைத் திறந்துவைத்து உள்ளே நடக்கும் பேச்சை ஒட்டுக்கேட்டது. கருவி நிறுவனம் வழக்குப் போட்டது. 2003 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் எஃப்.பி.ஐ.க்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஆனால் காரணத்தைக் கவனியுங்கள்: ஒட்டுக்கேட்கும் நேரத்தில் வாடிக்கையாளருக்கு அவசர உதவி கிடைக்காமல் போகிறது, சேவை தடைபடுகிறது என்பதுதான். சேவை தடைபடாமல் ஒட்டுக்கேட்கிற நுட்பம் இருந்திருந்தால்? இந்தியாவில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தொலைபேசி ஒட்டுக்கேட்புக்குச் சில கட்டுப்பாடுகள் விதித்தது. அது கம்பியின் இரு முனையில் பேசுகிறவர்களைப் பற்றியது. வண்டிக்குள் பின்சீட்டில் உட்கார்ந்து பேசுகிறவர் எந்த முனையிலும் இல்லை.

கடைசியாக ஒரு பழைய சட்டம். 1961ல் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கென்று வந்த சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. அதில் 'வேலை நேரம்' என்பதை எப்படி வரையறுத்தார்கள் தெரியுமா? ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் நேரம் என்றல்ல. முதலாளி சொல்கிறபடி நடக்கத் தொழிலாளி அவர் வசம் இருக்கும் நேரம் என்று. வண்டி ஓடுகிற நேரமும் சேர்த்தி, துணை வேலைகளும் சேர்த்தி, முனையத்தில் சும்மா காத்திருக்கும் கால் மணிக்குக் குறைந்த இடைவெளிகளும் சேர்த்தி. அந்த வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு நாமக்கல் டிரைவரின் போனில் உள்வந்த அழைப்புகளின் பட்டியலைப் பாருங்கள்: இரவு 11.40, 12.15, 1.05, 3.30. அழைப்புக்கு அழைப்பு எத்தனை நிமிடம் என்பதும் அதிலேயே இருக்கிறது. தொழிற்சங்கங்கள் கேட்டுப் பெற வேண்டிய கணக்குப் புத்தகத்தை அந்தப் பெட்டியே எழுதி வைத்திருக்கிறது.